லோக்சபாவா, லோகஸ்பாவா? காணாமல்போகும் அகரமும் கணினியும்

மக்களவையின் ஹிந்திப் பெயரைத் தேவநாகரியில் நான்கே எழுத்தில் எழுதுவார்கள்: லோ, க, ஸ, பா. படிப்பதோ லோக்சபா. இரண்டாம் எழுத்தான க-விலிருந்த அகரம் விழுந்துவிட்டது. அதற்கு அடுத்த ஸ-வின் அகரம் மட்டும் தப்பித்துக்கொண்டது. எது விழும், எது நிற்கும் என்பதற்கு எழுத்தில் ஓர் அடையாளமும் இல்லை. ஹிந்தி பேசுகிறவரைக் கேட்டால் “அப்படித்தான் சொல்லுவோம்” என்பார். கணினியிடம் அந்தப் பதில் செல்லாது. ஹிந்தி ஒலியியலில் மிகவும் பெயர்பெற்ற விதியை அப்படியே அதற்குக் கொடுத்து இந்த நான்கு எழுத்தையும் வாசிக்கச் சொன்னால், ‘லோகஸ்பா’ என்று படிக்கும்.

செல்போன் வாசிக்கும் செய்தி, ரயில் நிலைய அறிவிப்பு, ஹிந்தியிலிருந்து தமிழுக்குப் பெயர்களை மாற்றும் மென்பொருள் எல்லாமே இந்தச் சிக்கலில் மாட்டுகின்றன. இது வெறும் மென்பொருள் கோளாறு என்று ஒதுக்க முடியாது. எழுத்து ஒரு காலத்து ஒலியைப் பிடித்துவைத்திருக்கிறது. நாக்கு அங்கிருந்து வெகுதூரம் நகர்ந்துவிட்டது. எழுத்தைப் பார்த்து இன்றைய ஒலியைச் சொல்லும் கணினி, இடைப்பட்ட நூற்றாண்டுகளின் ஒலிமாற்றத்தை ஒரு நொடியில் ஓட்டிக் காட்டியாக வேண்டும்.

(இக்கட்டுரையில் ஹிந்தி, வங்காளச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். க-வுக்கும் மூச்சோடு வெடிக்கும் அதன் வர்க்க ஒலிகளுக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரியாது. அகரம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் வேறெந்த எழுத்தையும்விடத் தெளிவாகத் தெரியும்.)

புள்ளி இல்லாத எழுத்து

இந்திய எழுத்துகளில் குறியேதும் சேராத மெய்யெழுத்துக்குள் ஓர் அகரம் குடியிருக்கிறது. தமிழில் அதை வெளியேற்றப் புள்ளி வைக்கிறோம். க என்றால் அகரம் உண்டு, க் என்றால் இல்லை, குழப்பத்துக்கே இடமில்லை. தேவநாகரியிலும் அந்த வேலைக்குக் குறி இருக்கிறது, கூட்டெழுத்தும் இருக்கிறது. ஆனால் அவை சமஸ்கிருத ஒலிக்கு ஏற்ப அமைந்த வழக்கம். பிற்காலத்தில் ஹிந்தியின் வாய்மொழியில் விழுந்த அகரங்களுக்கு யாரும் போய்க் குறி போடவில்லை.

அதனால்தான் நாம் ‘ஜனதா’ என்று மூன்று அசையில் சொல்லும் கட்சிப் பெயரை ஹிந்திக்காரர் ‘ஜன்தா’ என்று இரண்டு அசையில் முடித்துவிடுகிறார். நம் கமலா அங்கே கம்லா. நம் விமலா அங்கே விம்லா. எழுத்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

விழுகிற இந்த நலிந்த அகரத்தை மொழியியலார் ‘ஷ்வா’ என்கிறார்கள். ஹிந்தி, பஞ்சாபி, மராத்தி, குஜராத்தி எல்லாவற்றிலும் இது ஏதோ ஓர் அளவில் விழுகிறது. பக்கத்திலேயே இருக்கும் ஒடியா இதற்கு மசியவில்லை. ‘பாரத்’ என்று ஹிந்தி சொல்லும் பெயரை ஒடியாக்காரர் கடைசி உயிரையும் விடாமல் உச்சரிப்பார். ஒரே குடும்பத்து மொழிகள், ஒரே வகை எழுத்து. ஆனால் வாசிக்கும் விதி ஒன்றாக இல்லை.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பெருமைப்படவும் முடியாது. ‘பாவம்’ என்று எழுதினால் அது வினைப்பயனா, நாட்டியத்தில் வரும் முகபாவமா என்று தமிழ் எழுத்து சொல்லாது. முதல் எழுத்தின் ஒலியே இரண்டிலும் வேறு. தேவநாகரி உயிரை வாசகரிடம் விட்டுவிடுகிறது. நாம் வல்லினத்தின் மென்மையை விட்டுவிடுகிறோம்.

விதி எப்படி வேலை செய்கிறது

ஹிந்தி ஒலியியலில் மஞ்சரி ஓஹாலாவின் 1983ஆம் ஆண்டு நூல் ஓர் அடித்தளம். அவர் வகுத்த விதியின் சாரம் இதுதான்: அகரத்துக்கு முன்னால் ஓர் உயிரும் ஒரு மெய்யும், பின்னால் ஒரு மெய்யும் ஓர் உயிரும் இருந்தால் அந்த அகரம் விழும். சொல்லின் கடைசியில் நிற்கும் அகரம் பெரும்பாலும் எப்படியும் விழும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. சொல்லின் வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கமாகப் போக வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பதை ‘புரிந்துகொள்ள’ என்னும் பொருள் தரும் ஸ-ம-ஜ-னா என்ற சொல்லில் பார்க்கலாம்.

1. வலமிருந்து வருகிறோம். கடைசி உயிர் நெடில்; அதைத் தொட வேண்டாம்.
2. அடுத்து ஜ-வின் அகரம். அதன் இடப்பக்கம் உயிரும் மெய்யும் இருக்கின்றன, வலப்பக்கம் மெய்யும் உயிரும் இருக்கின்றன. விழுகிறது. சொல் இப்போது ஸமஜ்னா.
3. அடுத்து ம-வின் அகரம். வலப்பக்கம் இப்போது ‘ஜ்ன்’ என்று இரண்டு மெய்கள் ஒட்டி நிற்கின்றன. நிபந்தனை பொருந்தவில்லை. நிற்கிறது.
4. முதல் எழுத்தின் அகரத்துக்கு முன்னால் உயிரே இல்லை. அதுவும் நிற்கிறது. விடை ஸமஜ்னா. சரி.

இதையே இடமிருந்து ஓட்டினால் முதலில் ம-வின் அகரம் விழுந்து ‘ஸம்ஜனா’ என்று வரும். ஹிந்தியில் அப்படி யாரும் சொல்வதில்லை. விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஓட்டும் திசைதான் மாறியது.

இப்படி ‘இன்ன சூழலில் இன்னது இன்னதாகும்’ என்று எழுதும் முறை கணினியோடு வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். பாணினியின் ‘இகோ யண் அசி’ என்ற சூத்திரம் (இ, உ போன்ற உயிர்கள் வேறோர் உயிருக்கு முன்னால் ய், வ் போன்ற மெய்யாகும்) மூன்றே சொல்லில் இதைத்தான் செய்கிறது. எது மாறும் என்பதை ஆறாம் வேற்றுமை சொல்கிறது, எதுவாக மாறும் என்பதை முதல் வேற்றுமை, எதன் முன்னால் என்பதை ஏழாம் வேற்றுமை. நம் நன்னூல் புணர்ச்சி மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பிரிப்பதும், நிரலாளர் ஒருவர் தன் மென்பொருளில் வைத்துக்கொள்ளும் மூன்று கட்டளைகளும் ஏறத்தாழ ஒன்றே. அகரம் விழுவது கெடுதல்.

விதி இடறும் இடம்

இப்போது லோ-க-ஸ-பா-வை அதே விதியில் ஓட்டுங்கள். வலமிருந்து வரும்போது முதலில் அகப்படுவது ஸ-வின் அகரம். நிபந்தனை கச்சிதமாகப் பொருந்துகிறது, விழுகிறது. அதனால் க-வுக்குப் பின்னால் இரண்டு மெய்கள் சேர்ந்துவிட, க-வின் அகரம் தப்பிவிடுகிறது. லோகஸ்பா!

தவறு எங்கே? இது ஒரு சொல் இல்லை. லோக், சபா என்ற இரண்டு சொற்களின் தொகை. பேசுகிறவர் மனத்தில் நடுவே ஒரு கோடு இருக்கிறது. எழுத்தில் அந்தக் கோடு இல்லை. பக்கத்து அவையின் பெயரிலோ ய-வுக்கு முன்னால் இன்னொரு மெய் ஒட்டியிருப்பதால் ‘ராஜ்யசபா’ என்று அந்த அகரம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒரே நாடாளுமன்றத்தில் ஓர் அவைக்கு அகரம் உண்டு, இன்னோர் அவைக்கு இல்லை.

தொகைச்சொல்லையாவது அகராதியை வைத்துப் பிரித்துவிடலாம். இதைவிடச் சிரமம் தருவது பெயரும் வினையும் ஒரே உருவில் வரும் இடம். த-ட-க-னே என்று எழுதப்படும் சொல் ‘துடிக்க’ என்ற வினையாக வந்தால் ‘தடக்னே’. ‘இதயத் துடிப்புகள்’ என்ற பெயர்ச்சொல்லின் பன்மையாக வந்தால் ‘தட்கனேம்’ (கடைசியில் வருவது மூக்கொலிதான், முழு மகரம் அன்று). எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேலே இடும் ஒரு மூக்கொலிப் புள்ளி மட்டுமே. ஆனால் பேச்சில் விழும் அகரமே இடம் மாறிவிடுகிறது. பெயர்ச்சொல்லின் ஒருமை ‘தட்கன்’. பன்மை விகுதி அதன்மேல் ஏறுகிறது. சொல்லின் உள்கட்டு தெரியாமல் எழுத்தை மட்டும் பார்க்கும் விதிக்கு இது புலப்படாது.

2000-களில் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் விதியோடு சொல்லின் உருபு எல்லைகளையும் (பகுதியும் விகுதியும், சொல்லும் சொல்லும் சேரும் இடங்களையும்) சேர்த்துக் கொடுத்துப் பார்த்தன. 2020இல் ஆர்யமன் அரோராவும் உடன் ஆய்வாளர்களும் வேறு பக்கம் போனார்கள். விதியைத் தூக்கி வைத்துவிட்டு, இணைய அகராதிகளிலிருந்து ஒலிப்புகளைத் திரட்டி, ஒவ்வோர் அகரத்தையும் சுற்றியுள்ள எழுத்துகளை மட்டும் காட்டி, ‘விழுமா, நிற்குமா’ என்று இயந்திரத்தையே கற்கவிட்டார்கள். முந்தைய முறைகளைவிட அது நன்றாக வேலை செய்தது. ஹிந்தியில் பழகிய முறையை மாற்றாமல் பஞ்சாபிக்குக் கொடுத்தும் நல்ல பலன் கிடைத்தது.

நடைமுறைக்கு அந்த வழிதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் அது ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. அதற்குப் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஹஸ்தம் எப்படி ஹாத் ஆனது

சமஸ்கிருத ஹஸ்த, பிராகிருதத்தில் ஹத்த, இன்றைய ஹிந்தியில் ஹாத். ஸப்த, ஸத்த, ஸாத். அக்னி, அக்கி, ஆக். கர்ம, கம்ம, காம். எல்லாம் ஒரே பாதை. (நடுக்கட்டத்தின் ‘ஹத்த’ நமக்கும் வந்திருக்கிறது, இருபத்தேழு நட்சத்திரங்களில் அத்தம் அதுதான்.) இதைக் கணினிக்கு விதிகளாக எழுதினால்:

1. வெவ்வேறு மெய்கள் ஒட்டி நின்றால் ஒன்று மற்றதைப் போலாகி இரட்டிக்கும்.
2. இரட்டித்த மெய் ஒற்றையாகும். குறைந்ததை ஈடுகட்ட முன்னுள்ள குறில் நெடிலாகும்.
3. கடைசி உயிர் விழும்.

மூன்றாம் விதி வேறொன்றுமில்லை, நாம் பார்த்துவந்த அகரக் கேடுதான். பஞ்சாபி இரண்டாம் விதியை ஏற்கவே இல்லை. அங்கே கை இன்றும் ஹத்த், ஏழு ஸத்த், வேலை கம்ம். ஒரு விதியை அணைத்தால் பஞ்சாபி, போட்டால் ஹிந்தி என்று கணினியில் ஒரு பொத்தானாகவே இதை வைத்துவிடலாம்.

விதிகளின் வரிசைக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்குச் சிங்களம்போல் நல்ல சாட்சி கிடைக்காது. சிங்களத்தில் கை ‘அத’, ஏழு ‘ஹத’. இலங்கையில் வாழும் தமிழர் தினம் கேட்கும் சொற்கள். இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, சொல்லின் முதலில் இருந்த ஹ் விழுந்தது. ஹத்த, அத ஆனது. இன்னொன்று, ஸ் ஹ்-ஆக மாறியது; ஸத்த, ஹத ஆனது. இரண்டாவது முதலில் நடந்திருந்தால் ஏழின் ஸ் ஹ்-ஆகி, அந்த ஹ்-உம் விழுந்து, ஏழுக்கும் கைக்கும் ‘அத’ என்ற ஒரே சொல் எஞ்சியிருக்கும். அப்படி ஆகவில்லை. ஆக ஹ் விழுந்து ஓய்ந்த பிறகே ஸ் மாறியிருக்க வேண்டும். கல்வெட்டு ஒன்றையும் புரட்டாமல், இரண்டு சொற்களை வைத்தே எது முன், எது பின் என்று சொல்ல முடிகிறது. கணினி இதையே ஆயிரக்கணக்கான சொற்களில் செய்து, எல்லா வரிசைகளையும் சோதித்து, பொருந்தாதவற்றைக் கழித்துவிடும்.

ஆனால் அதற்குக் கொடுக்கும் தரவில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. ஹிந்தியில் காம் இருக்கிறது, கர்ம்-உம் இருக்கிறது. ஆக் இருக்கிறது, அக்னியும் இருக்கிறது. ராத் இருக்கிறது, ராத்ரியும் இருக்கிறது. தமிழ் இலக்கணம் சொல்லும் தற்பவம், தற்சமம் போன்ற பிரிவுதான். ஹிந்தி இலக்கணக்காரர்கள் தத்பவ், தத்ஸம் என்கிறார்கள். முதல் வகை வாய்வழியாகத் தலைமுறை தலைமுறையாக உருண்டு வந்தது. இரண்டாவது பிற்காலத்தில் நூலிலிருந்து எடுத்து அப்படியே வைத்தது. பிரித்துக் கொடுக்காவிட்டால் கணினி ‘இந்த விதி பாதி நேரம்தான் வேலை செய்கிறது’ என்று முடிவுகட்டிவிடும். வேலை செய்யாத சொற்கள் அந்த வழியாக வரவே இல்லை என்பது அதற்குத் தெரியாது.

சோம்பலும் செவியும்

மாற்றம் நடந்தது தெரிகிறது. அது ஏன் இந்த வடிவில் நடந்தது? ஐஐடி கரக்பூரில் மோனோஜித் சௌத்ரி, அனுபம் பாசு, சுதேஷ்ணா சர்க்கார் ஆகியோர் 2000-களில் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தார்கள். அகரம் விழுவதை அசைகளைக் குறைக்கும் முயற்சியாகப் பார்க்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. ஸ-ம-ஜ-னா நான்கு அசை, ஸ-மஜ்-னா மூன்று. வாய்க்கு வேலை மிச்சம்.

பிறகு இதை உரையாடலாகவே நடத்திப் பார்த்தார்கள். இத்தகைய மாதிரியில் கணினிக்குள் பேசத்தெரிந்த ஒரு கூட்டம் உலவும். ‘ஏஜென்ட்’ என்பார்கள். ஆட்டம் எளிது:

1. ஒருவர் ஒரு சொல்லைச் சொல்கிறார், அகரத்தைக் கொஞ்சம் விழுங்கி.
2. கேட்பவர் தனக்குத் தெரிந்த சொற்களில் எது என்று ஊகிக்கிறார்.
3. சரியாக ஊகித்தால் விழுங்கியது லாபம். அடுத்த முறை இருவருமே கொஞ்சம் கூடுதலாக விழுங்கத் துணிவார்கள்.
4. தவறிவிட்டால் அகரத்தை அழுத்திச் சொல்லப் பழகுவார்கள்.

இதைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது எல்லா அகரமும் விழுந்துவிடுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு அகரங்கள் விழுந்தால் மெய்கள் குவிந்து காதுக்குப் பிடிபடாமல் போகும். ஆகவே ஒன்று விழ, பக்கத்தது நிற்கும். மேலே பார்த்த விதியின் ‘இரண்டு மெய் சேர்ந்தால் விழாது’ என்ற நிபந்தனை, யாரும் எழுதிவைக்காமலே கூட்டத்துக்குள் முளைத்து, ஹிந்தியை ஒத்த ஓர் ஒழுங்காகிறது.

ஆனாலும் சிக்கனம் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஸமஜ்னாவும் மூன்று அசை, தவறான ஸம்ஜனாவும் மூன்று அசை. வாய்க்கு இரண்டும் ஒன்றே. ஹிந்தி முதலாவதை ஏன் பிடித்துக்கொண்டது என்று கேட்டால், அசைக்கணக்கு கைவிரித்துவிடும்.

அதே குழு வங்காள வினைச்சொற்களிலும் இறங்கியது. அந்தக் களம் நமக்கு அதிகம் புரியும். பழைய எழுத்து நடையான சாது பாஷையில் ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்பது கொரிதெச்சி. இன்றைய கொல்கத்தாப் பேச்சில் கொர்ச்சி. கிழக்கு வங்கத்தில் தகரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாம் ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதி ‘செஞ்சிட்டிருக்கேன்’ என்று பேசுவதுபோலத்தான். ‘செய்து’ என்ற எச்சம் கொரியா. கிழக்கே அதன் இகரம் ரகரத்தைத் தாண்டி முன்னால் குதித்து கொய்ரா ஆனது. மேற்கே இன்னும் தேய்ந்து கொரே ஆனது.

ஒவ்வொரு மாற்றத்தையும் கெடுதல், திரிதல், இடம் மாறுதல் என்ற சின்னச் சின்னச் செயல்களாக உடைத்தார்கள். அந்தச் செயல்களின் சங்கிலியை ஓர் உயிரியின் மரபணுபோல் வைத்து, பல விடைகளைக் கலந்து நல்லவற்றை மட்டும் அடுத்த சுற்றுக்கு வடிகட்டும் ஜெனெடிக் அல்காரிதத்தில் கலக்கவிட்டார்கள். மூன்று அளவுகோல்கள்: சொல்ல எளிதா, மற்ற வடிவங்களோடு குழம்பாமல் கேட்கிறதா, குழந்தை கற்க ஒழுங்காக இருக்கிறதா. மூன்றிலும் ஒரே நேரத்தில் முதல் மதிப்பெண் எடுக்க முடியாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். அந்த இழுபறியில் ‘இதற்குமேல் முன்னேற வழியில்லை’ என்று நின்ற கற்பனை வழக்குகளில் சில, நிஜ வங்காள வட்டார வழக்குகளை ஒத்திருந்தன.

இதை எவ்வளவு நம்பலாம்? இப்படி நடந்திருக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. இப்படித்தான் நடந்தது என்பதற்குச் சான்றாகாது. அதற்குத் தேதியுள்ள தடயம் வேண்டும். அசோகரின் கல்வெட்டுகள் அந்த வகையில் பொக்கிஷம். ‘அரசனுடைய’ என்பது குஜராத்தின் கிர்னாரில் ராஞோ. ஒடிசாவின் தௌலியில் லாஜினே. ஒரே மன்னனின் சொல், கிழக்கே ரகரம் லகரமாகியிருக்கிறது. பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டு என்று காலத்தோடு கல்லில் இருக்கிறது.

உள்வட்டம், வெளிவட்டம்: எண்களால் தீராத சண்டை

1880இல் மொழியியலாளர் ஹோர்ன்லே ஒரு கருத்தைச் சொன்னார். கிரியர்சன் அதை வளர்த்தார். இந்தோ-ஆரிய மொழிகளில் நடுவே ஒரு வட்டம், அதைச் சுற்றி மராத்தி, சிந்தி, வங்காளம் என ஒரு வெளிவட்டம் என்பது அது. சுனிதி குமார் சட்டர்ஜி 1926இல் இதைக் கடுமையாக மறுத்தார். நூறாண்டாக இழுக்கும் இந்தச் சண்டைக்கு 2020இல் சுண்ட்ரா காத்கார்ட் புள்ளியியலோடு வந்தார். ஏராளமான சொற்களிலிருந்து ஒலிமாற்றங்களைத் தானியங்கியாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு மொழியிலும் எந்தெந்தப் பழைய வழக்குகள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று கணக்கிட்டார்.

அவருடைய விடை உள்வட்டம்–வெளிவட்டக் கருத்துக்குப் பெரிதும் ஒத்துப்போனது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: தரவைப் பார்க்குமுன் மாதிரிக்குள் வைக்கும் முன்கணிப்பில் ஒரு குறிப்பிட்ட வகையைத் தேர்ந்தெடுத்தபோதுதான் அந்தப் படம் எழுந்தது. இதை மறைக்காமல் எழுதியது அந்த ஆய்வின் நேர்மை. ‘கணினி நிரூபித்துவிட்டது’ என்று பகிரப்படும் தலைப்புகளில் இந்த நிபந்தனைதான் முதலில் விழும் அகரம்.

பெயருக்கு உரியவர் யார்?

ராமநாதபுரம் என்று தேவநாகரியில் எழுதிய பலகையை ஹிந்தி மென்பொருளிடம் கொடுத்தால் ‘ராம்நாத்புரம்’ என்று வாசிக்கும். ஹிந்தி விதிப்படி அதில் பிழையே இல்லை. தமிழ்நாடு என்ற பெயரில் மட்டும், விதிப்படி விழும் அகரம் நாம் முன்பே புள்ளி வைத்த ழகர இடத்தில் அமைந்ததால், தற்செயலாகத் தப்பித்துக்கொள்கிறோம்.

க-ம-லா என்று ஹிந்தியில் அச்சான ஒரு பயணியர் பட்டியலைத் தமிழுக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாட்னாவில் ஏறியவர் கம்லா. சென்னையில் ஏறியவர் கமலா. மூன்று எழுத்தும் ஒன்றே. முன்னும் பின்னும் உள்ள மெய்யும் உயிரும் ஒன்றே. உருபு எல்லையும் இல்லை. எத்தனை லட்சம் சொற்களில் பழக்கினாலும் சொல்லுக்குள் தேடினால் விடை கிடைக்காது. அது பட்டியலின் இன்னொரு கட்டத்தில், ஏறிய ஊர் என்ற இடத்தில் இருக்கிறது.